உட்பொதிந்த இணைய வழங்கிகளும் பாதுகாப்பும்

உட்பொதிந்த இணைய வழங்கி என்பது தனியாக நிறுவப்படாமல், வேறொரு மென்பொருளின் அல்லது கருவியின் உட்கூறாக இயங்கும் சிறிய இணைய வழங்கி ஆகும். திசைவி, கண்காணிப்புக் கேமரா, அளவீட்டுக் கருவி முதலியவற்றை உலாவி வழியாக இயக்குவதற்கு இது பயன்படுகின்றது. இவ்வழங்கி இருப்பதையே கருவியின் உரிமையாளர் பெரும்பாலும் அறியாமையால், இதன் பராமரிப்பு ஒரு பாதுகாப்புச் சிக்கலாக உருவெடுத்துள்ளது.

செயற்பாடு

திரையும் விசைப்பலகையும் இல்லாத கருவிக்கு உலாவியே எளிய இடைமுகம் ஆகும். இக்கருவிகளின் நினைவகம் சிறியதாதலால் வழங்கியும் சிறியதாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, போவா என்னும் கட்டற்ற வழங்கி ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய செயல்முறையைத் தோற்றுவிக்காமல், ஒரே செயல்முறையில் அனைத்தையும் கையாளுகின்றது. இதன் இறுதி வெளியீடு 2005 இல் வந்தது. அதன் பின் இதன் மேம்பாடு நின்றுவிட்டது. மாறாக, 1995 இல் தொடங்கப்பட்ட ஜெட்டி என்னும் ஜாவா வழங்கி இன்றும் பராமரிக்கப்படுகின்றது.

இந்திய மின்கட்டமைப்பு நிகழ்வு

2022 ஏப்ரலில் ரெக்கார்டட் பியூச்சர் நிறுவனம், லடாக் எல்லையை அண்டிய வட இந்தியாவின் குறைந்தது 7 மாநில மின்சுமை மேலாண்மை மையங்கள் இலக்காயின என அறிவித்தது. இதனைச் சீன அரசு சார்ந்த குழுவின் செயல் என்று அது கூறியது, சீனா மறுத்தது. முயற்சிகள் வெற்றி பெறவில்லை என்று அப்போதைய மின்துறை அமைச்சர் ஆர். கே. சிங் தெரிவித்தார்.

இதில் தொடர்புடைய இணைய முகவரிகளை ஆராய்ந்த மைக்ரோசாப்ட், 2022 நவம்பரில் அவற்றில் போவா வழங்கி இயங்குவதைச் சுட்டிக்காட்டியது. உலகெங்கும் இணையத்தில் வெளிப்படையாக உள்ள போவா கூறுகள் ஒரே வாரத்தில் 10 இலட்சத்துக்கும் மேல் காணப்பட்டன. கைவிடப்பட்ட பின்னும் இவ்வழங்கி சில்லு நிறுவனங்களின் மென்பொருள் உருவாக்கத் தொகுதிகள் வழியாகப் புதிய கருவிகளுக்குள் சென்றதே இதற்குக் காரணம். சில்லு நிறுவனம், கருவி உற்பத்தியாளர், விற்பனையாளர், பயனர் என நீளும் இச்சங்கிலியில் பழுது நீக்கும் பொறுப்பு எவரிடமும் தெளிவாக இல்லை.

தோல் தொழிற்பகுதிக்கான பொருத்தம்

ஒடுகத்தூர் அமைந்துள்ள வேலூர் மாவட்டமும், அண்டைய இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பெப்ரவரியில், தோல் பதனிடுதல் உட்பட 17 வகைத் தொழில்கள் கழிவுகளை இணையவழியில் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகளைப் பொருத்துமாறு பணித்தது. பாலாற்று மாசு குறித்து 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ள நிலையில், இவ்வளவீடுகளின் நம்பகத்தன்மை ஆற்று நீரை நம்பியுள்ள உழவர்களுக்கு இன்றியமையாதது. கருவிக்குள் பிறர் நுழைய முடியுமாயின், அது காட்டும் எண்களையும் நம்ப இயலாது. எனவே ஆய்வகத் துல்லியத்துடன் கருவியின் உள்மென்பொருளும் சோதிக்கப்படுதல் வேண்டும்.

தீர்வுகள்

இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழுவான செர்ட்-இன், 2024 அக்டோபரில் மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உணவுப் பொட்டலத்தின் மீதுள்ள சேர்மானப் பட்டியலைப் போன்று, மென்பொருளில் எந்தெந்தக் கூறுகள், எந்தப் பதிப்பில் உள்ளன என்பதை இப்பட்டியல் காட்டுகின்றது. இதனை வாங்கும்போதே கேட்டுப் பெறுவதும், கருவியின் மேலாண்மைப் பக்கத்தைப் பொது இணையத்தில் திறந்து வைக்காதிருப்பதும், தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுவதும் அடிப்படைப் பாதுகாப்பு முறைகளாகும். பட்டியல் மட்டும் குறையை நீக்காது. பழைய கூறுகளை மாற்றித் தரும் கடமையைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் சேர்த்தாலே அது பயன் தரும்.