யன்னல் திரையில் ஏறும் செம்மண்



முள்ளியவளையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் அனுப்பிய பணத்தில் முன்கூடத்து யன்னல்கள் மூன்றுக்கும் ரோலர் பிளைண்ட் போட்டாராம். இளம் பால்நிறம். மூன்றே மாதத்தில் மண்ணிறமாகிவிட்டது. சாதாரணத் திரைச்சீலையைக் கழுவுவது போலக் கழற்றி, பெரிய பேசினில் சலவைத்தூள் கரைத்து, இரவு முழுதும் ஊறப் போட்டிருக்கிறார். காலையில் எடுத்துப் பார்த்தால் துணியின் விறைப்பு போய்விட்டது. பின்பக்கப் பூச்சு வெங்காயத் தோல் போல உரிந்து நிற்கிறது. போகவேண்டிய செம்மண் கறை மட்டும் போகவில்லை. “துணி மட்டமானதா, என் கைவேலை பிழையா?” என்று கேட்கிறார்.

துணியும் மட்டமில்லை சகோதரி, உங்கள் கையிலும் குறையில்லை. அந்தத் துணி ஊறவைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, அவ்வளவுதான். வாங்கும்போது கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லுகிறவர்கள் குறைவு. அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை இதற்கென்றே ஒதுக்கினேன்.

முதலில் நம் ஊர்த் தூசியைப் பற்றி. ஏ-9 வீதி தார் போட்டுப் பளபளவென்று கிடக்கிறது. ஆனால் அதிலிருந்து உள்ளே திரும்பினால் பல இடங்களில் இன்னும் கிறவல் பாதைதான். ஒரு உழவு இயந்திரம் போனால் போதும், வீட்டுக்குள் இருக்கிறவருக்கும் நாக்கில் மண் கரகரக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று அதை அள்ளி வந்து கொட்டுகிறது. மாசி, பங்குனியில் காலபோக நெல் வெட்டும்போது பதரும் சுணையும் சேர்ந்து பறக்கின்றன. கிறவல் மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அதிலுள்ள இரும்பு, அதாவது கறல். வெறும் புழுதி என்றால் தட்டினால் போய்விடும். ஈரம் பட்டதோ, அது சேறாகிக் குழைந்து நூலிழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முள்ளியவளைச் சகோதரியின் வீட்டில் நடந்தது இதுதான். தூசியோடு தண்ணீரில் போட்டதால், தூசி துணிக்குச் சாயமாகிவிட்டது.

ஆகவே வன்னியில் யன்னல் துணிக்கு ஒரே சட்டம்: முதலில் காய்ந்த கை, பிறகுதான் ஈரக் கை. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

“ஒரு யன்னல் துணிக்கு இவ்வளவு கதையா?” என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கத்து முகாம்களில் கிடுகுக் கொட்டில்களில் கிடந்த காலத்தை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய சேலையொன்றை நடுவில் கட்டினால் அது சுவர். வாசலில் தொங்கவிட்டால் அது கதவு. குமர்ப்பிள்ளை உடுப்பு மாற்றுவதற்கு ஒரு முழத் துணிதான் மறைவு. 2009க்குப் பிறகு முள்ளியவளை, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் என்று சிறுகச் சிறுகத் திரும்பி வந்து கல்வீடு கட்டியவர்களுக்குச் சொந்த யன்னலில் சொந்தத் திரை என்பது ஆடம்பரம் அல்ல. அதை மூன்று மாதத்தில் குப்பையில் போட வேண்டி வந்தால் வலிக்கத்தான் செய்யும்.

சரி, வேலைக்கு வருவோம். வாரத்துக்கு ஒருநாள், காலையில் காற்று எழும்பும் முன், திரையை முழுதாக இறக்கிவிடுங்கள். மெல்லிய தும்புத் தூரிகையாலோ காய்ந்த பருத்தித் துணியாலோ மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். குறுக்காகத் தேய்த்தால் தூசி நெசவுக்குள் புகும். இருபக்கமும் துடைக்க வேண்டும். வீதியைப் பார்க்கும் பக்கத்தில்தான் கூடுதலாகப் படிந்திருக்கும், நாம் மறப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். வக்யூம் கிளீனர் இருப்பவர்கள் தூரிகை முனையைப் போட்டு, மெதுவான இழுவையில் பிடியுங்கள். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கை போதும். யன்னல் கம்பியையும் விளிம்பையும் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த காற்றுக்கு அங்கே இருக்கும் தூசி திரும்பவும் துணிக்கு வரும். இந்தப் பத்து நிமிட வேலையை ஒழுங்காகச் செய்தால், வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தண்ணீர் காட்டத் தேவை வராது.

தண்ணீர் காட்டும் முன் துணியில் தைத்திருக்கும் சிறிய நாடாவைப் பாருங்கள். தொட்டி போன்ற படத்துக்குள் கை இருந்தால் கையால் கழுவலாம். தொட்டியின் மேல் பெருக்கல் அடையாளம் இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. முக்கோணத்தின் மேல் பெருக்கல் என்றால் வெளுப்புத் திரவம் ஆகாது. நாடாவே இல்லையா? மேல் மடிப்பில் யாருக்கும் தெரியாத மூலையில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சாயம் வெள்ளைத் துணிக்கு வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சுருட்டி ஏற்றும் ரோலர் வகைக்கு விறைப்பூட்டியிருப்பார்கள். வெளிச்சத்தை முழுதாக மறைக்கும் துணி என்றால் பின்னால் பூச்சும் இருக்கும். இதை ஊறப் போடவும் கூடாது, மடிக்கவும் கூடாது, முறுக்கவும் கூடாது. கழற்றி, சுத்தமான பாயில் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி அளவு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஸ்பொஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்த பிறகு துடையுங்கள். கறை உள்ள இடத்தை மட்டும் துடைத்துவிட்டு எழும்பாதீர்கள். காய்ந்தபின் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு நிற்கும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முழு அகலத்துக்கும் துடைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு முறை. திரும்ப மாட்டி, முழுதாக இறக்கியபடியே காயவிடுங்கள். அரை ஈரத்தில் சுருட்டி ஏற்றினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

மடிப்பு மடிப்பாக ஏறும் ரோமன் வகை வேறு. இதைப் பெரும்பாலும் நம் தையல்காரப் பெண்களே தைத்துத் தருகிறார்கள். குறுக்குக் குச்சிகளை உருவி, கயிற்றை அவிழ்த்து, எது எங்கே இருந்தது என்று நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டுக் கையால் அலசலாம். ஆபத்து சுருக்கத்தில்தான் இருக்கிறது. முன்துணி பருத்தியாகவும் உள்துணி பொலியெஸ்டராகவும் இருந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. பிறகு திரை கோணிப் போய் நிற்கும். முதல் முறை கழுவும்போது ஒரு மீற்றர் பருத்தித் துணி ஓர் அங்குலத்துக்கு மேலும் சுருங்கலாம். எனவே தைக்கக் கொடுக்கும் முன்பே துணியை நனைத்துக் காயவைத்து அயன் பண்ணிக் கொடுங்கள். தையல்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நெடுக்காகப் பட்டி பட்டியாகத் தொங்கும் வகை கந்தோர்களில்தான் அதிகம். வீட்டில் இருந்தால் பட்டிகளைக் கழற்றி, அடியில் உள்ள பாரத்தை எடுத்துவிட்டு, தளர்வாகச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டு அலசுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதியில் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் உங்கள் கிணறும் அந்த வகைதான். அந்தத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது. தயிர் திரண்டது போல ஒரு அழுக்கை உண்டாக்கித் துணியில் விட்டுவிடும். வெள்ளைத் திரை சாம்பல் பூத்துப் போவது இதனால்தான், அழுக்குப் போகவில்லை என்று மேலும் மேலும் சவர்க்காரம் போடுகிறவர்கள் நிலைமையை மோசமாக்குகிறார்கள். தூளோ திரவமோ பாவியுங்கள். கையால் கழுவும் பருத்தித் திரைக்குக் கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரைக்கோப்பை வெள்ளை வினாகிரி விட்டால் துணி மிருதுவாகும். வாசனை காய்ந்ததும் போய்விடும். பீலியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை.

செம்மண் சேறு தெறித்துவிட்டால் உடனே துடைக்க ஓடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு உதிர்த்துவிடுங்கள். மிச்சக் கறைக்குச் சலவைத் திரவத்தைப் பூசிக் கால் மணி நேரம் வைத்து அலசுங்கள். அதற்கும் போகாத கறல் நிறத்துக்குத் தேசிக்காய்ச் சாறு உதவும், வெள்ளைத் துணிக்கு மட்டும். குளோரின் வெளுப்புத் திரவம் வேண்டவே வேண்டாம். இரும்புக் கறையை அது போக்காமல் இறுக்கிவிடும், துணியையும் இற்றுப்போகச் செய்யும். முக்கியமாக, வெளுப்புத் திரவத்தையும் வினாகிரியையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கதவு பூட்டிய குளியலறையில் என்றால் உயிருக்கே ஆபத்து.

எப்போது கழுவுவது? பெருநாளைக்கு முதல் வாரம் என்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2031, 2032 இல் அது ஜனவரிக்கு வந்துவிடும். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த அந்த நாட்களில் கழுவிய துணி மூன்று நாளானாலும் காயாது. மழைக்கு முன் செப்டெம்பரில் ஒரு முறை, அறுவடை முடிந்து ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருநாளைக்குக் காய்ந்த துடைப்பு போதும். மழைக்காலத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் கண்டால், வெளியே கொண்டுபோய் உதிர்த்து, வெயில் அடிக்கும் ஒரு நாளில் நன்றாகக் காயவைத்த பிறகே மற்ற வேலை. மற்ற நாட்களில் நிறத் துணிகளை நிழலில் காயவிடுவதே நல்லது.

தொய்வு, முட்டு உள்ள பிள்ளை படுக்கும் அறைக்குப் பிளைண்டே போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். கடையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. தூசியும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியும் அதன் மடிப்பில் தங்கும். அந்தப் பூச்சியைக் கொல்ல 60 பாகை செல்சியஸ் சுடுநீர் வேண்டும், பிளைண்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. மெல்லிய பருத்தித் திரை இரண்டு சோடி தைத்து, மாற்றி மாற்றி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுடுநீரில் கழுவுங்கள். அது மலிவும் கூட. தூசி தட்டும்போது அந்தப் பிள்ளையை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. மெல்லிய துணியைத் தெரிவு செய்கிறவர்கள் மஃரிபுக்குப் பிறகு உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே முற்றத்தில் போய் நின்று ஒரு முறை பாருங்கள். பகலில் எதுவும் தெரியாத துணி இரவில் உள்ளே நடமாடுகிறவர்களை நிழலாட்டம் போலக் காட்டும்.

கடைசியாக, இந்தக் கடிதம் வராவிட்டாலும் நான் எழுதியிருக்க வேண்டிய விஷயம். பிளைண்டை ஏற்றி இறக்கும் கயிறு அல்லது மணிச்சங்கிலி வளையமாகத் தொங்கும். அது சின்னப் பிள்ளையின் கழுத்துக்குச் சுருக்கு. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்குச் சராசரியாக ஒன்பது குழந்தைகள், ஐந்து வயதுக்கும் குறைந்தவர்கள், இப்படி இறந்திருப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு கணக்குச் சொல்கிறது. சத்தமே வராது. உம்மா பக்கத்து அறையில் இருந்தாலும் தெரியாது. அங்கே 2018 டிசம்பர் முதல், கடையில் ஆயத்தமாக விற்கும் பிளைண்ட்களில் எட்டக்கூடிய கயிறு இருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். நம் கடைகளில் கயிறுள்ளவையும் விற்பனைக்கு இருக்கின்றன. சிறுபிள்ளை உள்ள வீட்டில் கயிறில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே போட்டிருந்தால், தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே சுவரில் ஒரு கொளுக்கி அடித்து, கயிற்றை எட்டுப் போலச் சுற்றி வையுங்கள். சங்கிலி வளையம் என்றால் அதை இழுத்துப் பிடிக்கும் சிறு பிடியைச் சுவரில் திருகி விடுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் கதிரையையும் அந்த யன்னலடியிலிருந்து இன்றைக்கே நகர்த்திவிடுங்கள். இது கழுவும் வேலை அல்ல, ஆனால் கழுவுவதற்கு முன் செய்ய வேண்டியது.

திரை மடிப்பின் இருட்டுக்குள் பகலில் ஒளிந்திருக்கும் டெங்கு நுளம்பைப் பற்றி இங்கே எழுத இடமில்லை. அதையும், நுளம்பு வலையைக் கிழியாமல் கழுவும் விதத்தையும் அடுத்த மாதம் பார்ப்போம்.