கரித்தூளின் முணுமுணுப்பு

சிவகாசிக்காரர்களிடம் சத்தத்தைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும், அவ்வூர் வாணங்களில் வெடியுப்போடும் கந்தகத்தோடும் சேர்கிற கரித்தூளுக்கு இன்னொரு குரலும் உண்டு என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பழைய ரேடியோப் பெட்டியைத் திறந்தால் வண்ண வளையங்கள் பூசிய சிறு குச்சிகள் தென்படும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெஸிஸ்டர்கள் அவை. உள்ளே இருப்பது பிசினில் இறுகிய கரித்தூளே. பாட்டு இல்லாத வேளையிலும் பெட்டி 'உஸ்' என்று இரைகிறதல்லவா? அதற்கு இக்குச்சிகளும் ஒரு காரணம்.

1928-இல் அமெரிக்காவில் ஜான்ஸன், நைக்விஸ்ட் என்ற இருவர் இதன் கணக்கைத் தீர்த்தார்கள். வெப்பம் உள்ளவரை எலெக்ட்ரான்கள் ஓயாமல் துள்ளுகின்றன, அத்துள்ளலே இரைச்சல். 10 லக்ஷம் ஓம் தடையில், விநாடிக்குப் பதினாயிரம் அதிர்வுகள் அடங்கிய வீச்சில், அது ஒரு வோல்டின் லக்ஷத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். தங்கமானாலும் கரியானாலும் தொகை ஒன்றே. விருதுநகர் வியாபாரியின் சாமர்த்தியங்கூட இந்த வரியில் பேரம் பேச இயலாது!

ஆனால் கரிக்குச்சி இதற்கு மேலும் வசூலிக்கிறது. மின்சாரம் துகளுக்குத் துகள் தாவிச் செல்ல வேண்டியிருப்பதால், துகள்கள் தொடுமிடங்களில் தடை கூடியும் குறைந்தும் நடுங்குகிறது. அதிர்வு மெதுவாக ஆக ஆக இவ்விரைச்சல் பெருகும். உலோகச் சவ்வினாலான ரெஸிஸ்டரில் இது வெகு சொற்பம். முன்னது இயற்கையின் விதி. பின்னது பொருளின் குறை. இரண்டையும் ஒன்றாகப் பாவித்துத் தலையெழுத்து என்று விட்டுவிடுவது சோம்பேறித்தனம் என்பது நமது அபிப்பிராயம்.

பொருளை அறியும் இத்துறையில் நம் தேசம் பிந்தி வந்ததன்று. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கலீனா என்னும் ஈயக் கல்லைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவி செய்தார்; 1904-இல் அமெரிக்கா அதற்குப் பேடண்டு அளித்தது. குறைகடத்திகள் என்று இன்று உலகம் போற்றும் இனத்தைச் சேர்ந்தது அக்கல். அதே கல்கத்தாவுக்கு 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசிக்கு வாழ்வளித்தார்கள். நெருப்பு வந்து சேர்ந்தது, கல் வரவில்லை.

இன்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அரிந்தம் கோஷ் குழுவினர், ஓரணுக் கனமே உள்ள கரித்தாளாகிய கிராபீனின் இரைச்சலை அளந்து, வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் உள்ளிருக்கும் பழுதை அறிகிறார்கள். நம் சீமைக் கல்லூரிகளிலும் இதைத் தொடங்கலாமே! ஜான்ஸன் இரைச்சலை அளக்க நல்ல பெருக்கி ஒன்று, பாட்டரி ஒன்று, வெளி மின்னலைகளைத் தடுக்கத் தகரப் பெட்டி ஒன்று இருந்தால் போதும். தகரப் பெட்டிக்கு விருதுநகர்க் கடைவீதியில் பஞ்சமில்லை.