நூறு வீட்டுக்கும் ஒரு பிரதி போதும்

வடசென்னையில் டோல்கேட், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய கறுப்பு கேபிளைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து சேனலை ஒரு முறை அனுப்பினால் போதும்; தெருவில் பத்து வீடு பார்த்தாலும் ஆயிரம் வீடு பார்த்தாலும் கேபிளில் ஏறும் சுமை ஒன்றுதான். இப்போது கேபிள்காரர்கள் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுக்கிறார்கள், டிவியும் அதே கண்ணாடி இழையில் வரத் தொடங்கிவிட்டது. பி.எஸ்.என்.எல். தன் ஃபைபர் டிவி சேவையை 2024-ல் முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்த மாற்றத்தில் பழைய கேபிளின் அந்த ஒரு குணத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

ஆப் வழியாக வரும் நேரலை, பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியாக வருகிறது. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். ஒரே பந்து, ஒரே படம், ஆனால் அத்தனை கோடி தனித்தனி ஸ்ட்ரீம்கள். உலகளாவிய இன்டர்நெட்டில் இதற்கு மாற்று எளிதல்ல. ஒரு கேபிள்காரரின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளோ மாற்று 1989-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு ஸ்டீவ் டீரிங் எழுதிய வரையறைதான் மல்டிகாஸ்ட். சேனல் ஒரு குழு முகவரிக்குப் போகும். வேண்டும் என்கிற செட்டாப் பாக்ஸ் அந்தக் குழுவில் சேர்ந்துகொள்ளும். எந்த போர்ட்டில் கேட்டார்கள் என்று கவனித்து சுவிட்ச் அங்கே மட்டும் பிரதியெடுத்துக் கொடுக்கும்.

சிக்கல் வி.லேனில் தொடங்குகிறது. ஒரே சுவிட்சில் இணைந்திருந்தாலும் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக வாடிக்கையாளர்களைத் தனித்தனி வி.லேனாக, அதாவது ஒன்றையொன்று பார்க்காத தனி வலைகளாகப் பிரிக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு, அதில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் மல்டிகாஸ்ட் தன் வி.லேனைத் தாண்டாது. ஆகவே இருபது வி.லேன்களில் ஒரே சேனலைக் கேட்டால், மேலே இருக்கும் ரவுட்டர் இருபது பிரதி போட்டு ஒரே கேபிளில் கீழே அனுப்பும். ஒரு எச்.டி. சேனலுக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் 160 மெகாபிட். வீட்டுக்கொரு வி.லேன் என்று நூறு வீடு இருந்தால் 800 மெகாபிட்; ஒரு ஜிகாபிட் இணைப்பு ஒரே கிரிக்கெட் மேட்சில் திணறிவிடும். மிச்சத் தெருவுக்குப் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். இதற்குத்தான் தரமான சுவிட்சுகளில் மல்டிகாஸ்ட்டுக்கென்று ஒரு பொது வி.லேன் வைக்கும் வசதி இருக்கிறது. சிஸ்கோ அதை எம்.வி.ஆர். என்கிறது. சேனல் பொது வி.லேனில் ஒரே பிரதியாக சுவிட்ச் வரை வரும், வீடுகளின் வி.லேன்களுக்குக் கடைசி இடத்தில்தான் பிரியும். நூறு வீடானாலும் மேல் இணைப்பில் ஏறுவது 8 மெகாபிட்.

வி.லேன் பிரிப்பு இதனால் உடைந்துவிடாதா என்று கேட்கலாம். உடையாது. பொது வி.லேனிலிருந்து வீட்டுக்குப் படம் வரும். வீட்டிலிருந்து ‘இந்தச் சேனல் வேண்டும், வேண்டாம்’ என்ற செய்தி மட்டுமே மேலே போகும், அடுத்த வீட்டுக்கு ஒன்றும் போகாது. கட்டணச் சேனல்களின் பூட்டைத் திறக்கும் வேலை எப்போதும்போல செட்டாப் பாக்ஸுடையது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு: பேண்ட்வித் மலிந்துவிட்டது, ஜனங்கள் நேரலையை விட்டு வேண்டிய நேரத்தில் படம் பார்க்கப் போய்விட்டார்கள், இனி எதற்கு இந்தப் பாடு? பாதி உண்மை. இரவு பதினோரு மணிக்கு ஆளுக்கொரு சினிமா பார்க்கும் வீடுகளுக்கு மல்டிகாஸ்ட்டால் பயனில்லை. ஆனால் நெட்வொர்க் விழுவது அந்த நேரத்தில் அல்ல, ஐ.பி.எல். இறுதிப் போட்டியிலும், தேர்தல் முடிவு நாளிலும், புயல் செய்தி ஓடும் இரவிலும்தான். அன்று எல்லோரும் பார்ப்பது ஒன்றையே. வீடுகளுக்குப் போகும் ஜி-பான் ஃபைபரிலும் கீழே வரும் 2.5 ஜிகாபிட், ஸ்ப்ளிட்டரில் பிரியும் 32 அல்லது 64 வீடுகளுக்கும் பொதுவானது. ஒளி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருகிறதே, அதில் ஒரே படத்தை 64 முறை ஏற்றுவது வீண். பிரிட்டனில் பி.டி. நிறுவனமே நேரலை நெரிசலைக் குறைக்க மல்டிகாஸ்ட் கலந்த முறையை 2023-ல் அறிவித்தது. வைஃபையில் மல்டிகாஸ்ட் தடுமாறும் என்பது மெய்தான்; வீட்டு ரவுட்டர் அதைத் தனிப் பிரதியாக மாற்றிக் கொடுத்தால் போதும், அந்தச் சுமை அந்த வீட்டுச் சுவருக்குள் அடங்கிவிடும்.

சின்ன கேபிள்காரரால் இதையெல்லாம் அமைக்க முடியுமா என்பதுதான் என்னைத் தயங்க வைக்கும் ஒரே கேள்வி. மலிவு சுவிட்சுகளில் இந்த வசதி இருக்காது. இருந்தாலும், யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது விசாரிக்கும் ‘குவெரியர்’ அமைக்க மறந்தால் படம் ஏறக்குறைய நாலு நிமிடத்தில் நின்றுவிடும். அதனால்தான் இதைத் தனி ஆளின் தலையில் கட்டாமல், அரசு கேபிள் டிவி நிறுவனம் தன் டெண்டரிலேயே பொது மல்டிகாஸ்ட் வி.லேனை நிபந்தனையாக்க வேண்டும். சோதிப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு சுவிட்சை மேசைமேல் வைத்து, இரண்டு வி.லேனில் இரண்டு டிவியை மாட்டி, ஒரே சேனலைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடட்டும். மேல் இணைப்பின் கணக்கு 8-க்குப் பதில் 16 மெகாபிட் காட்டினாலோ, ஐந்தாம் நிமிடத்தில் படம் நின்றாலோ, அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.