ஹெக்டரின் காரும் ஒரு மரமும்: வேகத்தைப் படம் பிடிச்சா பில் யாருக்கு வரும்?

‘டிராய்’ படத்துல அக்கிலீஸோட மோதி உயிரை விடும் ஹெக்டரை ஞாபகம் இருக்கா? அந்த எரிக் பானாகிட்ட நிஜத்தில் ஒரு கார் இருக்கு. ஹாலிவுட் சம்பளத்தில் வாங்கிய ஃபெராரி இல்லை. மெல்போர்னில் வளர்ந்த பையனாக, 15 வயசுல, 1,100 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்கிய பழைய ஃபோர்டு ஃபால்கன். அவர் மாநிலத்தில் 18 வயசானாத்தான் லைசென்ஸ். அதாவது, ஓட்டவே முடியாத காரை வாங்கி வீட்டு கராஜில் நிறுத்திவெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். பைக் வாங்கிக் கொடுக்கச் சொல்லி வீட்டில் ஒரு வருஷம் சண்டை போட்டவங்களுக்கு அந்த மனசு புரியும்.

அந்தக் காரைப் பற்றி அவரே இயக்கிய ஆவணப்படம்தான் ‘லவ் தி பீஸ்ட்’. 2009-ல் வந்தது. போன வாரம்தான் பார்த்தேன். கார் படம்தானே, ரெண்டு ‘வ்ரூம்’ கேட்டுட்டுத் தூங்கலாம்னு போட்டேன். தூக்கம் வரலை. காரணம் கார் இல்லை, கேமரா. அதைத்தான் உங்ககிட்ட பேசணும்.

முதல்ல கார். 1974 மாடல் ‘எக்ஸ்பி’ ஃபால்கன், ரெண்டு கதவு. ‘மேட் மேக்ஸ்’ முதல் பாகத்துல (1979) மெல் கிப்சன் ஓட்டுற அந்தக் கறுப்புக் கார் இருக்கே, அதே குடும்பம். மசில் கார்னா வேற ஒண்ணுமில்லை. சாதாரண குடும்பக் காரின் உடம்புக்குள்ள அளவுக்கு மீறிய ஒரு வி8 எஞ்சினைத் திணிக்கிறது. ஃபால்கன்களில் போட்ட பெரிய எஞ்சின் 5.8 லிட்டர். நம்மூர் மாருதி 800 எஞ்சின் மாதிரி ஏழு மடங்குக்கு மேல!

இந்தக் குடும்பத்தின் மூத்த அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் பானாவின் காதல் புரியாது. பெயர் ‘ஃபால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3’. 1971-ல் வெறும் 300 கார்கள்தான் செய்தார்கள். எதுக்கு? பாதர்ஸ்ட் ரேஸுக்கு. அந்த ரேஸில் ஓட வேண்டுமென்றால், அதே காரைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஷோரூமில் பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அதனால் ரேஸ் காரை எடுத்து, நாலு கதவும் பின் சீட்டும் வெச்சு, குடும்பஸ்தர்களுக்கு வித்துட்டாங்க. அந்த வருஷம் ஆலன் மொஃபட் அதில் பாதர்ஸ்டை ஜெயிச்சார். ‘வீல்ஸ்’ பத்திரிகைக்காரர்கள் இந்தக் காரை சிட்னியையும் மெல்போர்னையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலையில் விரட்டி, மணிக்கு சுமார் 228 கி.மீ. வேகத்தில் போகும்போது டாஷ்போர்டு முள்ளைப் படம் எடுத்தார்கள். ஆஸ்திரேலிய கார் பைத்தியங்களின் வீட்டுச் சுவரில் இன்னும் தொங்கும் படம் அது.

யோசிச்சுப் பாருங்க. ரேஸ் டிராக் இல்லை. லாரியும் குடும்பமும் போற ரோடு. கேமரா இல்லைன்னா அன்னைக்கு அந்த ரோட்டில் அந்த வேகத்துக்கு அவசியமே இல்லை. சொல்லப்போனா, இன்னைக்கு ஸ்பீடோமீட்டரை ஸ்டேட்டஸ் வைக்கிறவங்களுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா அந்த போட்டோதான்.

அடுத்த வருஷமே பத்திரிகையின் இன்னொரு கை வேலை செய்தது. 1972 ஜூனில் சிட்னியின் ‘சன் ஹெரால்டு’ ஞாயிறு பத்திரிகை, மணிக்கு 160 மைல் போகும் சூப்பர் கார்கள் உங்கள் ரோட்டுக்கு வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் செய்தி போட்டது. நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் கொதித்தார். சில நாட்களிலேயே ஃபோர்டு, ஹோல்டன், கிறைஸ்லர் மூன்று கம்பெனிகளும் தங்கள் திட்டங்களைக் கைவிட்டன. வரவிருந்த ‘ஃபேஸ் 4’ நாலே நாலு காரோடு நின்றுபோனது. பத்திரிகைதான் வேகத்தைப் படம் எடுத்து வளர்த்தது, பத்திரிகைதான் தலைப்பு போட்டு முடித்தது. கார் ரசிகர்கள் இன்றுவரை அந்தச் செய்தியைத் திட்டுகிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. 1970-ல் மட்டும் ஆஸ்திரேலியச் சாலைகளில் செத்தவர்கள் 3,798 பேர். அப்போ அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒன்றேகால் கோடிதான். இன்று மக்கள்தொகை ரெண்டு மடங்குக்கு மேல். சாவு வருஷத்துக்கு சுமார் 1,300. செய்தியில் கொஞ்சம் மசாலா இருந்திருக்கலாம். பயம் பொய்யில்லை.

ஓடாத கார், ஓடுற கேமரா

தடை கேட்டு ஓடின கார் இன்னைக்கு எங்கே இருக்குன்னு கேக்குறீங்களா? லாக்கரில். கிட்டத்தட்ட அப்படித்தான். 2018-ல் ஒரு ஃபேஸ் 3 ஏலத்தில் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. 2021-ல் இன்னொன்று 11.5 லட்சம் டாலர். நம்ம காசுக்கு ஆறு கோடிக்கு மேல். ஆறு கோடி ரூபாய் வண்டியை எவன் 228-ல் விரட்டுவான்?

அதனால் இப்போ வரும் பழைய கார் வீடியோக்களைக் கவனிங்க. நிறுத்திவைத்த காரைச் சுற்றி கேமரா ஓடும். பானெட்டில் லைட் வழுக்கிக்கொண்டு போகும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு உறுமல். ஓனர் கண்ணில் கண்ணீர். முடிஞ்சது. கார் நகர்ந்தாலும் 60-ல் போகிறதைத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, வைடு லென்ஸில் எடுத்து 160 மாதிரி காட்டுவார்கள். ரோடு எவ்வளவு பக்கத்தில் தெரிகிறதோ, அவ்வளவு வேகமாகப் போகிற மாதிரி கண்ணுக்குத் தோன்றும். இது ஏமாற்று வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். யாரும் சாகாமல் வேகத்தைக் காட்ட அதுதான் வழி.

இதற்கு நேர் எதிர்முனையில் ஒரு ஆள் இருக்கார். பிரெஞ்சு இயக்குநர் குளோத் லெலூஷ். 1976-ல் ஒரு விடியற்காலை பாரிஸ் நகரத்துக்குள் காரின் முன்னால் கேமராவைக் கட்டி, சிக்னலை மதிக்காமல், எட்டு நிமிஷம் போல ஒரே ஷாட்டில் பறந்தார். புறா பறக்கும், குப்பை வண்டி வரும், ஆள் ஒதுங்குவான். ரோட்டை யாரும் மூடவில்லை. படத்தின் பெயர் ‘ராந்தெவூ’. படத்தில் கேட்கும் சத்தம் ஃபெராரி. ஓடியது மெர்சிடிஸ்! சத்தத்தைப் பிறகு சேர்த்தார்கள். எனக்கு இதில் உறுத்துவது சத்தம் பொய் என்பது இல்லை. காசு கொடுத்து சேர்த்திருக்கக்கூடியதை மட்டும் பொய்யாக வைத்துக்கொண்டு, பொய்யாக வைத்திருக்க வேண்டிய ஆபத்தை நிஜமாக வைத்தார். ரோட்டில் நடந்துபோனவர்களிடம் யாரும் ‘நீங்க இந்தப் படத்தில் நடிக்கிறீங்களா’ன்னு கேட்கவில்லை. 2020-ல் அதே லெலூஷ், மொனாக்கோவில் ரேஸ் வீரர் ஷார்ல் லெக்லேரை வைத்து மறுபடி ஒரு படம் எடுத்தார். இந்த முறை தெருக்களை முறையாக மூடினார்கள். பலருக்கு அது பிடிக்கலை, பழசு மாதிரி இல்லைன்னு சலிச்சுக்கிட்டாங்க. அந்தச் சலிப்பில் பார்வையாளரான நமக்கும் ஒரு பங்கு இருக்கு.

எனக்கு இருக்கு. டிப்ளமோ படிக்கும்போது நாங்க நாலு பேர் ஒரு ஆவணப்படம் எடுத்தோம். பொருள்: கான்டெஸா. ‘இந்தியாவின் மசில் கார்’னு அதைப் பாசமா சொல்லுவாங்க (எஞ்சினைப் பார்த்தா அவ்வளவு மசில் எல்லாம் கிடையாது, முகம்தான் முரட்டு முகம்). ஓனர் ஒரு நல்ல மனுஷன். 50-ல் ஓட்டினார். முன்னால் போன வேனின் பின் கதவைத் திறந்துவெச்சு நான்தான் கேமராவோட உட்கார்ந்திருந்தேன். “அண்ணே, ஃப்ரேம்ல நிக்கிற மாதிரியே தெரியுது. இன்னும் கொஞ்சம்ணே.” அவர் அழுத்தினார். “இன்னும் கொஞ்சம்.” அழுத்தினார். வலப்பக்க சந்திலிருந்து ஒரு அக்கா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடக்க வந்தாங்க. கேரியரில் பால் கேன். கான்டெஸா வளைந்து, மண்ணில் இறங்கி, மறுபடி ஏறியது. யாருக்கும் எதுவும் ஆகலை. பால் கேன் மட்டும் விழுந்துச்சு.

அந்த ஷாட்டை நாங்க வெட்டலை. படத்தின் தொடக்கத்திலேயே வெச்சோம். அந்த அக்கா ஃப்ரேமுக்குள் வருவதற்கு அரை செகண்ட் முன்னாடி கட். வகுப்பில் கைதட்டினாங்க. பாலுக்குக் காசு கொடுத்தோமான்னு எனக்கு ஞாபகம் இல்லை. ஓனர் அண்ணன் கை நடுங்கினது ஞாபகம் இருக்கு. அவரா அந்த வேகத்தில் போயிருக்கவே மாட்டார்.

மரத்துக்குப் பிறகு

இப்போ பானாவுக்கு வருவோம். அவர் படத்தின் திட்டம் எளிமையானது. பழைய நண்பர்களோடு சேர்ந்து ‘பீஸ்ட்’டை மறுபடி கட்டி, ‘டார்கா டாஸ்மேனியா’வில் ஓட்டுவது. டாஸ்மேனியா தீவில் 1992-ல் தொடங்கிய பந்தயம் அது. பொதுச் சாலைகளைச் சில மணி நேரம் மூடிவிட்டு, வளைவும் மரமும் வீட்டு வேலியும் உள்ள அதே ரோட்டில் ஓட்டுவார்கள். ரோடு மூடியிருக்கும், சரி. ஆனா மரத்தை மூட முடியாதே. 2007 பந்தயத்தில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, கார் ரோட்டைவிட்டு விலகி ஒரு மரத்தில் மோதியது. பானாவும் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன நண்பரும் காயமில்லாமல் தப்பித்தார்கள். கார் நசுங்கிவிட்டது.

எங்க கான்டெஸா படம் மாதிரி எடுப்பவராக இருந்தால், மோதலை ஸ்லோமோஷனில் மூணு தடவை காட்டி, இசை போட்டு முடித்திருப்பார். பானா அதற்குப் பிறகுதான் படத்தை எடுக்கிறார். நசுங்கிய காரை என்ன செய்வது? மறுபடி கட்டுவதா, அப்படியே விடுவதா? இதைக் கேட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கில் கார் வைத்திருக்கும் ஜே லீனோவிடம் போகிறார், ‘டாப் கியர்’ ஜெரமி கிளார்க்சனிடம் போகிறார், டிவி மனநல ஆலோசகர் டாக்டர் ஃபில்லிடமும் போகிறார். காரை ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்று ஒரு நடுவயசு ஆள் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கும் படம் அது. சில இடம் இழுவைதான், மறைக்க மாட்டேன். பிரபலங்கள் பேசுவதைவிட, அந்த நண்பர்கள் கராஜில் நிற்கும் காட்சிகளே எனக்கு உண்மையாகப் பட்டது.

கவனிங்க, தன் கேமராவுக்காக அவர் வேறு யாரையும் பணயம் வைக்கவில்லை. ஸ்டியரிங் அவர் கையில், கார் அவர் கார், 15 வயசிலிருந்து சேர்த்துவைத்தது. பில் அவருக்கே வந்தது. அதை அவர் ஒளிக்காமல் காட்டினார். நண்பர் பக்கத்து சீட்டில் இருந்தாரே என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அவரும் தெரிந்துதான் ஏறினார் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பந்தயத்தின் கதையும் நல்லபடியாகப் போகவில்லை. 2021 டார்காவில் மூன்று பேர் இறந்தார்கள். 2022-ல் இன்னொருவர். அந்த வருஷப் போட்டியைப் பாதியில் நிறுத்தினார்கள். 2023-ல் நடக்கவே இல்லை. ஃபால்கனும் இப்போ இல்லை. 1960-லிருந்து ஆஸ்திரேலியாவில் ஓடின உற்பத்தி, 2016 அக்டோபர் 7-ம் தேதி மெல்போர்ன் ஆலையில் கடைசி ஃபால்கனோடு முடிந்தது. நம்ம மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றபோது வாசலில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நாளை விளக்க வேண்டியதில்லை. காரும் செய்ய மாட்டார்கள், அந்த ரோட்டில் ரேஸும் இல்லை, மிச்சமுள்ளவை லாக்கரில். அப்படிப் பார்த்தால் பானா 2007-ல் எடுத்ததை இன்று யாரும் திரும்ப எடுக்க முடியாது. எடுக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

படம் கிடைத்தால் பாருங்க. மோதலுக்கு அப்புறம் கார் ஓடாது, சத்தம் இருக்காது. 10 செகண்ட் ஃபார்வர்டு பட்டனுக்கு விரல் தானா போகும். எனக்கும் ரெண்டு தடவை போச்சு.