மேல் கீழாகும் இசை

இசைப்பாடம் என்றால் பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு கீர்த்தனைகளை மனனஞ் செய்விப்பதே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இஃது இசைக்கும் நன்றன்று, மாணவர் அறிவுக்கும் நன்றன்று என்பதே நமது துணிபு.

மேனாட்டிசையில் 'கவுண்டர்பொயின்ற்' என்றொரு முறை உண்டு. தனித்தனியே இனிமை வாய்ந்த இரு இசையோட்டங்களை ஒருங்கே இயக்குவது அது. அதனுள் ஒரு வகை, மேலே ஒலித்ததைக் கீழும், கீழே ஒலித்ததை மேலும் மாற்றினாலும் இசை கெடாதவாறு எழுதுவதாகும். ஜெர்மனியப் பேராசான் பாக், இரு குரலையும் மாணவர் செம்மையாகக் கையாளுதற்பொருட்டு 1723ஆம் ஆண்டில் தொகுத்த 15 சிறு பயிற்சிகளில் இதனைக் காணலாம்.

கணக்கு எளிது. ஒரு குரலை ஒரு ஸ்தாயி பெயர்த்துப் புரட்டினால் மூன்று ஆறாகும், ஐந்து நான்காகும். கூட்டினால் என்றும் ஒன்பதே. ஐந்தை இணக்கமென்றும், இரு குரலிசையில் நான்கைப் பிணக்கமென்றும் அவர் கொள்வர். ஆதலின், ஐந்தாவதை வைக்கும்போதே அது நான்காய் நிற்கப்போகும் நிலையையும் எழுதுவோன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி நம் நூல்களை நோக்குவோம். நின்ற நரம்பிற்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது பழந்தமிழ் இசை மரபு. குரலுக்கு இளி ஐந்தாவது. இளிக்கு மேற்குரல் நான்காவது. எனவே, கிளை புரண்டால் நட்பாகின்றது. பகை புரண்டாலும் பகையாகவே நிற்கின்றது. மூன்றையும் ஆறையும் மேனாட்டார் இனியவை என்பர். நம்மவர் பகை என்றனர். செவிப்பழக்கம் வேறாயினும், அவ்விரண்டும் ஓரினம் எனக் கண்டதில் இருசாராரும் ஒன்றுபட்டனர். இதை அறியும் மாணவன் இரு மரபையும் மதிப்பான்.

இராகத்தின் தூய்மை கெடும் என்பாரும் உளர். கீர்த்தனையின்மேல் இரண்டாங் குரலை ஏற்றுமாறு நாம் கூறவில்லை. கேட்கும் செவியைக் கூர்மையாக்கவே வேண்டுகின்றோம். இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் ஒருங்கே காணிக்கையாக்கினார். அதனால் எந்த மரபும் குன்றிவிடவில்லை.

இராமகிருஷ்ண மிஷன் சார்பில் நம் நகரின் இந்துக் கல்லூரியைப் பேணிய சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழிசையைக் கணித வழியால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அவர் நினைவைப் போற்றும் நாம், அவர் காட்டிய ஆராய்ச்சி நெறியைக் கைவிடலாமா? கோணேசர் கோயில் மணியும் தேவாலயப் பாடலும் பள்ளிவாசல் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் துறைமுகம் இது. ஒரு குரல் பிறிதொன்றை அடக்காமலும், இடம் மாறினும் இன்னிசை குன்றாமலும் இயங்கும் கலையை இவ்வூர்ப் பிள்ளைகளே முதலிற் கற்கவேண்டும்.

பழைய மாணவர்களே! நீங்கள் ஈயும் பொருளில் ஓர் ஆர்மோனியமும், வாரத்தில் ஒரு பாடவேளைக்கு வல்ல ஆசிரியர் ஒருவரும் அமையட்டும். இவ்விழாவின் பயன் அதுவாகுக.