கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் எங்கே?



பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதிய காலத்தில், நகல் எடுப்பது என்று தனியாக ஒரு வேலை இருந்ததில்லை. வாடிக்கையாளருக்கு மேல்தாள், நமக்கு அடித்தாள். சிட்டையில் எழுதியது மாலையில் பேரேட்டில் ஏறும். பேரேட்டைக் கரையான் அரித்தாலும் சிட்டையை வைத்து மறுபடி எழுதிவிடலாம். நம் ஆரணி பட்டு நெசவிலும் இதே கதைதான். ஜக்கார்டு தறிக்கு வெட்டிய அட்டைக் கட்டு பத்திரமாக இருந்தால், வரைந்த தாள் தொலைந்தாலும் டிசைன் தொலையாது.

இன்று பில், சரக்கு இருப்பு, நிலுவை எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. புடவை டிசைனும் கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு உள்ள இடங்களில் அது ஃபைலாகவே தறிக்குப் போகிறது. வெட்டிய அட்டை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. வேலை சுலபமாயிற்று. ஆனால் தொழிலோடு தொழிலாகத் தானே கிடைத்துவந்த நகல் நின்றுபோயிற்று. இதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. அவர் வாங்கிய சரக்குக்கு உரிய பில்களை நாமும் மற்ற மொத்த வியாபாரிகளும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். ஆனால் அவருக்கு வரவேண்டிய கடன் பாக்கியை யார் அச்சிட்டுக் கொடுப்பது? வீடு வீடாகப் போய்க் கேட்டார். நேர்மையானவர்கள் தாங்களே தொகையைச் சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் “போன மாதமே கொடுத்துவிட்டேனே” என்றார்கள். மறுத்துச் சொல்ல அவர் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

“எல்லாம் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருக்கிறதே” என்று சிலர் நினைக்கிறார்கள். பதிவு பெற்ற வியாபாரிக்குப் போட்ட பில்லின் விவரம் அங்கே இருக்கும், உண்மைதான். சில்லறை விற்பனையோ மொத்தத் தொகையாகத்தான் ஏறுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு பாக்கி, குடோனில் எத்தனை மூட்டை என்பதெல்லாம் அங்கே கிடையாது. அவை நம் கம்ப்யூட்டரில் மட்டுமே உள்ளன.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளில் 57-வது விதி, மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும் என்கிறது. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் அது இருக்கவேண்டும் என்பது விதி. அதிகாரி கேட்கும்போது “டிஸ்க் போய்விட்டது” என்று சொன்னால் அது பதில் ஆகாது.

தினமும் கடை சாத்தும்போது பென் டிரைவில் ஏற்றிவிடுகிறோம் என்று சொல்வோரும் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் மனிதன் ஞாபகத்தை நம்பிய வேலை, கூட்டமுள்ள நாளில்தான் தவறும். தீபாவளிக்கு முந்தைய நாள் பில் போட்டு ஓய்ந்தபின் யாருக்கு நினைவு வரும்? ஆண்டிலேயே அதிக வியாபாரம் நடந்த நாளின் கணக்குக்குத்தான் நகல் இருக்காது. ஆகவே இந்த வேலையைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்திடமே ஒப்படைத்துவிட வேண்டும்.

இதற்கு ‘இன்கிரிமென்டல் பேக்கப்’ என்று ஒரு முறை உள்ளது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை குடோன் முழுவதும் இருப்பு எடுக்கிறோம். அதன்பின் அன்றன்று வந்ததையும் போனதையும் மட்டும் எழுதுகிறோம் அல்லவா? அதேதான். முதலில் ஒரு முழு நகல். பிறகு மாறிய ஃபைல்கள் மட்டும். நேரமும் இடமும் மிச்சம். போன வாரம் இருந்த நிலையையும் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். ஆனால் நடுவில் ஒரு நாள் சீட்டு தொலைந்தால் அதற்குப் பிந்தைய இருப்பு ஒத்துவராதது போல, இடையில் ஒரு நகல் கெட்டால் அடுத்தடுத்தவை பயன்படாமல் போகலாம். எனவே வாரம் ஒருமுறை புதிதாக ஒரு முழு நகல் எடுப்பது நல்லது.

விண்டோஸிலேயே ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்ற வசதி இருக்கிறது. தனி டிஸ்க்கைக் காட்டி அதை இயக்கிவிட்டால், மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை எடுத்து வைக்கும். கணக்கு மென்பொருளின் ஃபோல்டர் வேறிடத்தில் இருந்தால் அதைத் தனியே சேர்க்கச் சொல்ல வேண்டும். இரவில் நேரம் குறித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் வேலை நடக்காது. மென்பொருள் திறந்திருக்கும்போது எடுத்த நகல் முழுமையாக இல்லாமலும் போகலாம். ஆகவே மதியம் கணக்கை மூடிவிட்டுச் சாப்பிடப் போகும் நேரத்தைக் குறிப்பது உத்தமம்.

நகல் ஒன்று போதாது. எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை வைரஸும் பிடிக்கும். 2017 மே மாதம் 150 நாடுகளுக்கு மேல் பரவிய ‘வானாக்ரை’, ஃபைல்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் மலைச்சரிவே இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டனர். கம்ப்யூட்டரும் நகலும் ஒரே கல்லாப்பெட்டி மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே இரண்டு டிஸ்க் வாங்கி, வாரம் மாற்றி ஒன்றை வீட்டில் வைக்க வேண்டும். செலவு சில ஆயிரம் ரூபாய். ஒரு கடைக்காரர் நமக்குத் தரவேண்டிய ஒரு மாதப் பாக்கிகூட ஆகாது.

இன்னொன்று. தானாக நடக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோரின் ஃபைல்களைக் காத்துத்தரும் ‘கிட்லேப்’ என்ற நிறுவனத்தில் தவறுதலாகத் தகவல்கள் அழிக்கப்பட்டன. பல வகை பேக்கப் ஏற்பாடு செய்திருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் பெரும்பாலானவை கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பினார்கள். கம்ப்யூட்டரே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை. தூக்கிப் பார்க்காத மூட்டையின் எடையை நாம் நம்புவோமா? மாதம் ஒருமுறை நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய பில்லும் நிலுவைப் பட்டியலும் வருகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

இதை அந்தந்தக் கடைக்காரரின் பொறுப்பு என்று சங்கம் ஒதுங்கிவிடக்கூடாது என்பது நமது கருத்து. எடைக்கற்களுக்கு முத்திரையிட முகாம் நடத்துவது போல, ஒரு தொழில்நுட்ப ஆளை அமர்த்தி, கடைத் தெரு வாரியாக இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுக்கலாம். உலக அளவில் மார்ச் 31-ஐ பேக்கப் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். நமக்கும் அதுவே கணக்கு முடிக்கும் நாள். அடுத்த மார்ச் 31-க்குள் நம் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொரு கடையிலும், திறந்து சரிபார்க்கப்பட்ட நகல் ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கவேண்டும். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம்.