காணாமற்போன 'ஆல்' உருபு

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் நம்மவர் புலனக் குழுக்களில் ஆருடத் திருவிழா ஒன்று தொடங்கிவிடுகிறது. செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிடப்போகும் திறன்பேசிக்கு எத்தனை கண்கள், என்ன நிறம், எவ்வளவு தடிமன் என்பதே பேச்சு. மங்கலான படம் ஒன்று, அதன்கீழ் 'கசிந்தது!' என்று ஒரு தலைப்பு. பள்ளி விடுமுறை அறிவிப்புக்கும் கட்டண நினைவூட்டலுக்கும் நடுவே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழுவிலும் இவை வந்து விழுகின்றன.

'பொழுதுபோக்குத்தானே ஐயா, இதில் என்ன கெட்டுவிட்டது?' என்று கேட்கும் பெற்றோர் உளர். எந்த ஆட்டக்காரர் எந்தக் காற்பந்துக் குழுவுக்குத் தாவுவார் என்று ஊகிப்பது போன்றதே இதுவும் என்பது அவர்கள் வாதம். அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை ஒரு தமிழாசிரியனாகவே சொல்ல விரும்புகிறேன்.

செய்தி எழுதும் பயிற்சியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: 'புதிய ஐபோன் மிக மெல்லியதாக இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. விலை உயரும் எனக் கூறப்படுகிறது. இத்தகவல் கசிந்துள்ளது.' எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. சந்தியும் சரி. யாரால் எதிர்பார்க்கப்படுகிறது என்று கேட்டேன். 'எல்லாராலும்' என்றான். அவனைக் குறைகூறி என்ன பயன்? அவன் நாள்தோறும் படிக்கும் உரைநடை அது.

செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கும்போது எழுவாயாக இருந்தவர் 'ஆல்' உருபு ஏற்றுப் பின்னால் போய் நிற்பார். இதைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறோம். ஆருட எழுத்தாளர் அந்தச் சொல்லையே வெட்டி எறிந்துவிடுகிறார். 'கசிந்தது' என்பதோ இன்னும் தந்திரமானது. குடத்து நீர்தான் தானாகக் கசியும். நிறுவனத்தின் இரகசியம் தானாகக் கசிவதில்லை; ஒருவர் கசியவிடுகிறார். பிறவினையைத் தன்வினையாக்கிவிட்டால், விட்டவரும் மறைகிறார், விற்றவரும் மறைகிறார், பழி சுமந்தவரும் மறைகிறார்.

முதலில் ஆருடக்காரர்களின் நாணயத்தைப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு முழுக்க 'ஐபோன் 5' வருகிறது, நீர்த்துளி வடிவில் வருகிறது என்றார்கள். அதை நம்பி உறை செய்து சந்தைக்கு அனுப்பியவர்களும் உண்டு. அக்டோபர் 4ஆம் நாள் வந்ததோ பழைய உருவத்திலேயே ஐபோன் 4எஸ். ஆப்பிள் மகிழுந்து வருகிறது என்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் எழுதினார்கள். அந்நிறுவனம் ஒருநாளும் பொதுவில் அறிவித்திராத அந்தத் திட்டம் 2024 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாக வந்ததும் இன்னொரு கசிவுச் செய்திதான்! பஞ்சாங்கக்காரர் தவறினாலாவது ஊரார் முகத்துக்கு நேரே கேட்பார்கள். இவர்கள் 'திட்டம் மாற்றப்பட்டது' என்று இன்னொரு செயப்பாட்டு வினையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நிறுவனத்தின் நிலையோ இரட்டை நாக்கு. கசியவிடுபவர் மீது வழக்குத் தொடுக்கிறது. 2005இல் கல்லூரி மாணவர் ஒருவர் நடத்திவந்த 'திங்க் சீக்ரெட்' என்னும் தளத்தின்மீது வழக்குப் போட்டது; 2007இல் சமரசம் ஏற்பட்டு அத்தளமே மூடப்பட்டது. 2025 ஜூலையிலும் வெளிவராத மென்பொருளைக் காட்டியதற்காக வலையொளிக்காரர் ஒருவர்மீது வழக்கு. ஆனால், காசு கொடுக்காமல் உலகெங்கும் மூன்று மாதம் நடக்கும் விளம்பரத்தை எந்த வணிகர்தான் வெறுப்பார்?

இனி, கசிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்று பார்ப்போம். காணாமற்போன இரண்டு மாதிரித் தொலைபேசிகளின் கதை போதும்.

2009 ஜூலையில், சீனாவின் ஷென்சென் நகரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை ஊழியர் சுன் டான்யோங்கின் பொறுப்பில் இருந்த பதினாறு மாதிரி ஐபோன்களில் ஒன்று காணாமற்போனது. அவருக்கு வயது 25. நிறுவனப் பாதுகாவலர்கள் தம்மைச் சோதனையிட்டதாகவும் அடித்ததாகவும் நண்பர்களிடம் தெரிவித்துவிட்டு, ஜூலை 16ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்தது. பாதுகாப்பு அதிகாரி ஒருவரைப் பணியிடைநீக்கம் செய்தது.

அடுத்த ஆண்டு மார்ச்சில், கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் மதுக்கடை ஒன்றில் ஆப்பிள் பொறியாளர் ஒருவர் மாதிரி ஐபோன் 4ஐ மறந்து விட்டுச் சென்றார். 'கிஸ்மோடோ' தளம் அதனை 5,000 டாலருக்கு வாங்கி, பிரித்துப் படம்பிடித்து, ஏப்ரலில் வெளியிட்டது. உலகமே சிரித்து மகிழ்ந்தது. இன்றும் ஆருடக்காரர்கள் 'கசிவுகளின் பொற்காலம்' என்று கொண்டாடுவது அதைத்தான். அந்தப் பொறியாளரின் வேலைகூடப் போகவில்லை. போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை; மனிதர் மறதிக்கு அதுவே தக்க நீதி. அந்த நீதி ஷென்சென் இளைஞருக்கு ஏன் கிட்டவில்லை என்பதே என் கேள்வி. மதுக்கடைக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. சுன் டான்யோங்கின் பெயர் தெரிவதில்லை.

சீனத்துக் கதை என்று ஒதுக்கவும் இயலாது. 2019 முதல் சென்னையை அடுத்த திருப்பெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்துகிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களுள் மிகப் பலர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2021 டிசம்பரில் அவர்களின் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்துறங்கிய நிலையும், நீர் வராத கழிப்பறைகளும் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தன. ஆப்பிள் தானே ஆள் அனுப்பி ஆராய்ந்து, விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. மூடிக்கிடந்த ஆலை 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது.

அந்தப் போராட்டத்தை மூட்டியதும் ஒரு வதந்திதான். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியது. எவரும் இறக்கவில்லை என்று அரசு மறுத்தது, அதுவே உண்மை. ஆனால் மருத்துவமனைக்குப் போனவர்களின் நிலையைச் சொல்ல ஆளில்லாத இரவில் அப்பெண்கள் வேறு எதை நம்புவார்கள்? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து கேட்டார்கள். அதையும் ஐபோனின் நிறத்தைப் பற்றிய ஊகத்தையும் ஒரே சொல்லால் 'வதந்தி' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று அச்சத்தில் பிறந்தது. மற்றொன்று ஆசையில் பிறந்தது.

2024 ஜூனில் இன்னொரு செய்தி. அதே ஆலையில் திருமணமான பெண்களுக்குப் பொருத்துவேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் புலனாய்ந்து எழுதியது. புதிதாகச் சேர்த்தவர்களில் நான்கில் ஒருவர் மணமானவர் என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. இந்திய நடுவண் அரசு தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. அதே மாதம் 22ஆம் நாள்தான் மலேசியாவின் முதல் ஆப்பிள் கடை கோலாலம்பூரில் திறக்கப்பட்டது. நம் குழுக்களில் எந்தச் செய்தி பகிரப்பட்டது என்று நான் சொல்ல வேண்டுமா?

ரெங்கத்துக்காரர்களாகிய நமக்கு இது வேற்றூர்க் கதையன்று. சுற்றிலுமுள்ள இரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்த பெண்கள் இருள் விலகுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, மின்னணுத் தொழிற்சாலைகளில் உருப்பெருக்கியில் கண்பதித்து உழைத்த ஒரு தலைமுறை இங்குண்டு. அத்துறையில் நாடு தழுவிய சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. 3,999 வெள்ளி ஐபோனுக்கு இரண்டு மாதச் சம்பளமும் போதாது. ஊகச் செய்தியைப் பிள்ளைமுன் உரக்கப் படிக்கும் தந்தையரே, கையிலிருப்பது பழையதாகிவிட்டது என்ற எண்ணத்தை முதலில் விதைப்பது கடைக்காரரல்லர், நீங்கள்.

கணினித்துறையில் நாம் ஆவலோடு காத்திருக்கத் தக்கவை இல்லாமலில்லை. 2013இல் ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது தமிழ் விசைப்பலகை ஐபோனுக்குள்ளேயே அமைந்து வந்தது. கருவியிலுள்ள 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் பெயரில் நிற்கும் ஈரெழுத்துகள், அதை உருவாக்கிய நம் நாட்டவர் முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள். இங்கே 'ஆல்' உருபு இருக்கிறது. படிப்பார்தான் இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆருடப் பருவத்தில் அச்செய்திகளை வகுப்புக்கே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். எழுவாய் கிடைக்காத வாக்கியத்தை அடிக்கச் சொல்லுங்கள். பாதிப் பக்கம் காலியாகிவிடும். பிறகு கரும்பலகையில் இரண்டு தொடர்களை எழுதுங்கள். ஐபோனின் முதுகிலேயே பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தவை அவை: 'கலிபோர்னியாவில் ஆப்பிளால் வடிவமைக்கப்பட்டது. சீனாவில் பொருத்தப்பட்டது.' முதல் தொடரில் 'ஆல்' உண்டு. இரண்டாவதில் ஊர்ப்பெயர் மட்டுமே. இரண்டாம் தொடரை நிறைவுசெய்யும்படி மாணவர்களிடம் கூறுங்கள்.